எங்கள் பகுதிப் பெண் அணியில் இல்லை. தேசிய அணிக்கான வசூலைத் தொடர்வதா?

#1 கரையோரம்

எல்லோருக்கும் வணக்கம். தேசியப் பெண்கள் துடுப்புப் படகு அணிக்கு நிதி திரட்டும் மண்டலக் குழு ஒன்றில் செயலாளராக இருக்கிறேன். மொத்தம் பதினொரு பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. வேலை முடித்து வந்து ராத்திரி உட்கார்ந்து ரசீது எழுதுகிறவர்கள்தான் எல்லோரும்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஆரம்பித்தபோது எங்கள் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண், எட்டுப் பேர் படகுக்கான பயிற்சி முகாமில் இருந்தாள். அவள் படத்தைத்தான் பேனரில் போட்டோம். அவள் பெயரைச் சொல்லித்தான் வீடு வீடாக ஏறி இறங்கினோம். நல்ல வசூல். மாதாமாதம் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டவர்களே நாற்பது பேருக்கு மேல்.

போன மாதம் இறுதிப் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. மாற்று வீராங்கனையாகக்கூட இல்லை. மறுநாளே போன் வர ஆரம்பித்துவிட்டது. “நம்ம பொண்ணே போகல, அப்புறம் எதுக்கு நாங்க தரணும்?” இதே கேள்விதான் எல்லோரிடமும். ஆறு பேர் மாதத் தொகையை நிறுத்திவிட்டார்கள். பெரிய தொகை கொடுத்த ஒருவர் திருப்பிக் கேட்கிறார். குழுவிலேயே பாதிப் பேர், கையிருப்பைத் தேசியத் துடுப்புப் படகுச் சம்மேளனத்துக்கு அனுப்பாமல் அந்தப் பெண்ணின் பயிற்சிக்கே கொடுத்துவிடலாம் என்கிறார்கள். மீதிப் பேர் அது தப்பு என்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. வரும் ஞாயிறு கூட்டம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 பழைய பொருளாளர்

ரசீதில் என்ன எழுதியிருக்கிறது? அதை முதலில் எடுத்துப் பாருங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒன்பது வருடம் இன்னொரு விளையாட்டின் மண்டலக் குழுவில் கணக்குப் பார்த்தவன் நான். “தேசிய அணி நிதிக்காக” என்று எழுதி வாங்கிய பணம் அணியுடைய பணம். அதை ஒரு தனி ஆளுக்குக் கொடுக்க உங்கள் குழுவுக்கு உரிமை இல்லை, அந்த ஆள் எவ்வளவு தகுதியானவராக இருந்தாலும் சரி. ஒரு நோக்கத்தைச் சொல்லி வாங்கிய நன்கொடையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது நன்கொடைக் கணக்கில் அரிச்சுவடி. பெரும்பாலான நாடுகளின் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

ஆனால் பேனரில் அவள் முகமும் அவள் பெயரும் இருந்திருக்கிறது என்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். ரசீது ஒன்று சொல்கிறது, பேனர் வேறு ஒன்று சொல்கிறது. கொடுத்தவர் பேனரைப் பார்த்துக் கொடுத்தார். அவர் ஏமாற்றமாக உணர்வதில் தப்பே இல்லை. திருப்பிக் கேட்பவரிடம் சண்டை போடாதீர்கள். நேரில் போங்கள். இதுவரை என்ன வந்தது, எது எதற்குப் போனது, எவ்வளவு மிச்சம் என்று ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அவர் பணம் இன்னும் செலவாகாமல் இருந்து, அப்போதும் அவர் கேட்டால், குழுவில் தீர்மானம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒருவர் தொகையைத் திருப்பினால் நிதி குறையும், அவ்வளவுதான். அவர் ஊர் முழுக்கக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தால் குழுவே போய்விடும்.

#3 நீர்மட்டம்

பொருளாளர் ஐயா சொல்வது கணக்குக்குச் சரி. ஆனால் ஒரு உண்மையைப் பேசாமல் விடுகிறார். மனிதர்கள் முகத்துக்குத்தான் கொடுப்பார்கள்.

2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்குக்கு ஜமைக்காவின் இரண்டு பேர் பாப்ஸ்லெட் (பனிச்சறுக்கு வண்டி) அணி தகுதி பெற்றது. போக வர, கருவி வாங்கப் பணம் இல்லை. இணையத்தில் கேட்டார்கள். டோஜ்காயின் என்ற மின்நாணயக்காரர்கள் மட்டுமே சுமார் 30,000 டாலர் மதிப்புக்குத் திரட்டிக் கொடுத்தார்கள். அடுத்த 2018 பியோங்சாங்குக்கு நைஜீரியப் பெண்கள் மூன்று பேர் போனார்கள். அவர்களில் ஒருவரான ஷெயுன் அடிகுன் மரத்திலேயே ஒரு பயிற்சி வண்டி செய்து ஆரம்பித்தார், 75,000 டாலர் வேண்டும் என்று பொதுமக்களிடம் கேட்டார், கிடைத்தது. குளிர்கால ஒலிம்பிக்கில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதல் பாப்ஸ்லெட் அணி அது. இந்த இரண்டிலும் கொடுத்தவர்கள் யாரும் சம்மேளனத்தின் வரவு செலவைப் படித்துவிட்டுக் கொடுக்கவில்லை. அந்த மனிதர்களைப் பார்த்துக் கொடுத்தார்கள்.

“மைய நிதி” என்று ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாருங்கள், தண்ணீர்கூடக் கிடைக்காது.

#4 ஆறாம் இருக்கை

நான் அந்த முகமாக இருந்தவள். அதனால் எழுதுகிறேன்.

தேசிய அணியில் நான்கு வருடம் துடுப்புப் போட்டேன், எட்டுப் பேர் படகில் ஆறாவது இருக்கை. எங்கள் மண்டலக் குழுவும் என் படத்தைத்தான் போட்டது. அவர்கள் மேல் எனக்கு இன்றும் நன்றி உண்டு. என் முதல் வெளிநாட்டுப் பயணத்தின் பாதிச் செலவு அவர்கள் திரட்டியது. ஆனால் மூன்றாம் வருடம் விலா எலும்பில் கீறல் விழுந்தது. துடுப்புப் போடுகிறவர்களுக்கு அடிக்கடி வருகிற காயம்தான். ஆறு வாரம் ஓய்வு என்றார்கள். அந்த ஆறு வாரமும் எனக்கு வலியைவிடப் பெரிய பாரம், “இத்தனை பேர் கொடுத்தார்களே, இப்போது என்ன சொல்வார்கள்” என்பதுதான். முழுதாக ஆறுவதற்கு முன்பே படகில் ஏறினேன். மறுபடி கீறல் விழுந்தது. பயிற்சியாளரிடம் வலியை மறைத்தேன் என்று இப்போது சொல்ல முடிகிறது, அப்போது முடியவில்லை.

கரையோரம், நீங்கள் எழுதியதில் அந்தப் பெண்ணிடம் யாராவது பேசினீர்களா என்று ஒரு வரிகூட இல்லை. பட்டியலில் பெயர் வராத அன்று அவள் எப்படி இருந்திருப்பாள்? ஞாயிறு கூட்டத்துக்கு முன்னால் உங்களில் ஒருவர் அவள் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். அப்புறம், அந்தப் பேனரை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

#5 கரையோரம்

அக்கா, படித்ததும் வெட்கமாக இருந்தது. யாரும் போகவில்லை. நாளை காலையில் நானும் எங்கள் தலைவரும் போகிறோம். பேனரைக் கழற்றியாயிற்று.

ரசீதைப் பார்த்தேன். “தேசியப் பெண்கள் அணி ஆதரவு நிதி” என்றுதான் அச்சடித்திருக்கிறோம். அவள் பெயர் இல்லை.

#6 ஏடு புரட்டுபவன்

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு 1936 ஞாபகம் வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்த வருடம் ஜூலையில், அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் எட்டுப் பேர் படகில் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் ஜெயித்தார்கள். கரைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு செய்தி. ஒலிம்பிக் குழுவிடம் உங்களை பெர்லினுக்கு அனுப்பப் பணம் இல்லை, 5,000 டாலர் நீங்களே கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் இரண்டாவதாக வந்த பென்சில்வேனியா அணி போகும். கப்பல் புறப்பட இரண்டு வாரம்கூட இல்லை. பொருளாதாரப் பெருமந்தக் காலம் வேறு. சியாட்டில் நகரப் பத்திரிகைகளின் விளையாட்டு எழுத்தாளர்கள் மக்களிடம் கேட்டார்கள். வணிகர் சங்கம் இறங்கியது. சாதாரண மக்கள் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே முழுத் தொகையும் சேர்ந்துவிட்டது. ஆகஸ்ட் 14 அன்று அந்தப் படகு இத்தாலியை ஒரு விநாடிக்கும் குறைவான இடைவெளியில் முந்தித் தங்கம் வென்றது. ஜெர்மனி மூன்றாவது.

நான் இதில் கவனிப்பது வெற்றியை அல்ல. எவ்வளவு வேண்டும், எதற்கு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. “அணியை ஆதரியுங்கள்” என்று பொதுவாகக் கேட்கவில்லை. எட்டுப் பேரும், படகைத் திசை திருப்பி வழிநடத்தும் ஒன்பதாவது ஆளும் கப்பல் ஏற வேண்டும், இவ்வளவு குறைகிறது என்று கேட்டார்கள்.

#7 நீர்மட்டம்

நல்ல உதாரணம், ஆனால் என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. படகில் இருந்த அத்தனை பேரும் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துப் பையன்கள். சியாட்டில் மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பென்சில்வேனியா அணி போகிறது என்றால் கொடுத்திருப்பார்களா?

#8 ஏடு புரட்டுபவன்

கொடுத்திருக்க மாட்டார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன்.

#9 பழைய பொருளாளர்

நீர்மட்டம் கேட்பது நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பம் இல்லை. எங்கள் குழுவும் இதே சுவரில் மோதியது. எங்கள் பகுதி ஆள் ஒருவர் அணியில் இருந்த வருடங்களில் வசூல் பொங்கும், இல்லாத வருடங்களில் வற்றிப்போகும். எல்லா மண்டலங்களும் இப்படி இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எந்த மண்டலத்தில் வீரர் இருக்கிறாரோ அந்த மண்டலம் மட்டும் கொடுக்கும். தேர்வு மாறினால் பணம் வரும் வழியும் மாறும். அடுத்த படியாக, எங்கே பணம் அதிகமோ அங்கிருந்து ஒருவரை எடுத்தால் என்ன என்று யாராவது யோசிப்பார்கள். வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம், நினைத்தாலே போதும். தேர்வு அன்றே கெட்டுப்போகும்.

நாங்கள் கண்டுபிடித்த வழி இதுதான். ஆளை விட்டுவிட்டுச் செலவைத் தத்தெடுத்தோம். சம்மேளனத்திடம் வருடத் திட்டத்தை வாங்கினோம். அதில் எங்களால் முடிந்த ஒரு செலவினத்தை எடுத்து, “இது எங்கள் மண்டலத்துடையது” என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டோம். முதல் வருடம் பிசியோதெரபிஸ்ட்டின் பயணச் செலவு. இரண்டாம் வருடம் முகாமில் தங்குமிடம். பணம் தனிக் கணக்கில் வரும், இரண்டு கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது, முகாம் முடிந்த முப்பது நாளில் சம்மேளனம் பில்லின் நகலை எங்களுக்கு அனுப்ப வேண்டும். அந்த நகலைக் கொடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினோம்.

முதல் வருடம் வசூல் குறைந்தது. பொய் சொல்ல மாட்டேன். மூன்றில் ஒரு பங்கு போனது. ஆனால் மீதி இருந்தவர்கள் போகவே இல்லை. எங்கள் பகுதியிலிருந்து ஒரு ஆள்கூட அணியில் இல்லாத வருடத்திலும் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் அந்த பிசியோ பில் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டுவார். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

#10 ஆறாம் இருக்கை

துடுப்புப் படகில் இதற்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. இருக்கைகளுக்கு எண் உண்டு. முன்முனையில் ஒன்று, பின்னால் தாளம் கொடுப்பவர் எட்டு. எட்டுப் பேர் படகில் ஆளுக்கு ஒரு துடுப்பு. ஒரு மண்டலம் ஒரு இருக்கையை எடுத்துக்கொள்ளட்டும். “நான்காவது இருக்கையும் அதன் துடுப்பும் எங்களுடையது.” அதில் யார் உட்கார்ந்தாலும் அவர் உங்கள் பிள்ளை. நீர்மட்டம் கேட்கிற முகமும் கிடைக்கும், ஆள் மாறினாலும் பந்தம் அறாது.

நான் ஓட்டிய கடைசி வருடம், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மண்டலத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் பெயர் அவர்களுக்குத் தெரியவில்லை, “ஆறாம் இருக்கையில் இருப்பவருக்கு” என்று எழுதியிருந்தார்கள். கீழே முப்பது கையெழுத்து. இந்தப் பெயரை அன்றிலிருந்துதான் வைத்துக்கொண்டேன்.

படகை அனுப்புவதையும் யாராவது ஒரு மண்டலம் எடுத்துக்கொள்ளலாம். எட்டுப் பேர் படகு 17 மீட்டருக்கு மேல் நீளம். வழக்கமான பெரிய சரக்குப் பெட்டகமே 12 மீட்டர்தான். அதனால் இரண்டாகப் பிரித்துப் பூட்டுகிற படகாக இருந்தால்தான் உள்ளே போகும், அதற்குத் தனி ஏற்பாடு, தனிச் செலவு. வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. விளக்கிச் சொன்னால் ஆர்வமாகக் கேட்பார்கள், கொடுக்கவும் செய்வார்கள்.

#11 புதுத் துடுப்பு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அரசாங்கமும் சம்மேளனமும் தர வேண்டிய செலவை நாம் ஏன் சுமக்க வேண்டும்? நாம் தரத் தர அவர்கள் கையை எடுத்துக்கொள்வார்கள் அல்லவா?

#12 ஏடு புரட்டுபவன்

பயப்பட வேண்டிய விஷயம்தான். நடக்கிறது. 2018-இல் அயர்லாந்துப் பெண்கள் ஹாக்கி அணி உலகக் கோப்பை இறுதிப் போட்டி வரை போனது. அந்த அணியில் ஆட ஒவ்வொருவரும் தங்கள் பணத்திலிருந்து 550 யூரோ கட்டியிருந்தார்கள் என்பது அப்போதுதான் பலருக்கும் தெரியவந்தது. இந்தியப் பெண்கள் கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-இல் தொடங்கிய தனிச் சங்கம்தான் 2006 வரை நடத்தியது, கிட்டத்தட்ட முழுக்க ஆர்வலர்களின் உழைப்பில். 2005 உலகக் கோப்பை இறுதிப் போட்டி வரை போனது அந்தச் சங்கத்தின் அணிதான்.

மறுபக்கம், பிரிட்டிஷ் ஒலிம்பிக் சங்கம் அணியை அனுப்ப அரசாங்கப் பணம் வாங்குவதில்லை. சுயமாக இருக்க வேண்டும் என்பதற்காக. 1980 மாஸ்கோவுக்குப் போகக் கூடாது என்று அவர்கள் அரசாங்கமே வற்புறுத்தியபோது, சங்கம் அணியை அனுப்பியது. அதற்கும் பொதுமக்கள் நன்கொடை ஒரு காரணம். ஆக, மக்கள் பணம் என்பது அரசு தராததற்கு மாற்று மட்டும் இல்லை.

#13 பழைய பொருளாளர்

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: மண்டலக் குழு தரும் தொகை ஏற்கெனவே ஒதுக்கிய தொகைக்கு மேல் கூடுதலாகச் சேர வேண்டும், ஒதுக்கீட்டைக் குறைக்கப் பயன்படக் கூடாது. முழுப் பாதுகாப்பு ஆகாது. ஆனால் அடுத்த வருடம் கேள்வி கேட்கக் கையில் ஒரு தாள் இருக்கும்.

#14 தகப்பன்

கொஞ்ச நாளாக இந்த விவாதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று தயங்கினேன்.

வேறு ஒரு மண்டலக் குழுவுக்கு நான் தலைவர். என் மகள் இப்போது தேர்வு முகாமில் இருக்கிறாள். அவள் இந்த விளையாட்டுக்கு வருவதற்கு ஐந்து வருடம் முன்பிருந்தே நான் குழுவில் இருக்கிறேன். ஆனாலும் போன மாதம் காசோலையைக் கொடுக்கப் போனபோது, தேர்வாளர் ஒருவர் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. நான் விலக வேண்டுமா?

#15 பழைய பொருளாளர்

தலைவர் பொறுப்பிலிருந்து விலகுங்கள் ஐயா. குழுவிலிருந்து போக வேண்டாம். பணம் கொடுக்கும் இடத்திலும், பயிற்சியாளரோ தேர்வாளரோ இருக்கும் இடத்திலும் குழு சார்பாக நீங்கள் நிற்க வேண்டாம், அவ்வளவுதான். நாற்காலி தூக்க, ரசீது எழுத, பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆள் எப்போதும் தேவை. முகாம் முடிந்ததும் திரும்ப வாருங்கள்.

#16 ஆறாம் இருக்கை

அவளுக்காகவும் அதைச் செய்யுங்கள் அண்ணா. அவள் தேர்வானால், துடுப்பால் தேர்வானாள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். படகில் கூட உட்கார்ந்திருப்பவர்கள் அப்படி நம்புவது அவளுக்கு மிகவும் முக்கியம்.

#17 தகப்பன்

இன்றே கடிதம் கொடுத்துவிட்டேன். நன்றி.

#18 புதுத் துடுப்பு

எங்கள் குழு புதிது. நடைப்பயண நிகழ்ச்சி ஒன்று வைத்தோம், கூட்டம் நன்றாக வந்தது. ஆனால் டி-சர்ட், மேடை, ஒலிபெருக்கி எல்லாம் போகக் கையில் நின்றது மிகக் கொஞ்சம். எங்கே தவறினோம்?

#19 பழைய பொருளாளர்

செலவுக்கு முதலில் ஒரு உச்சவரம்பு வையுங்கள். வரும் என்று எதிர்பார்க்கிற தொகையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் செலவு போனால் அந்த நிகழ்ச்சி வேண்டாம். டி-சர்ட்டை அச்சடிப்பவரிடமே நன்கொடையாகக் கேளுங்கள். பணமாகத் தர யோசிப்பவர்கள் பொருளாகவோ உழைப்பாகவோ தாராளமாகத் தருவார்கள். அப்புறம், வந்தவர்களின் பெயரும் போன் எண்ணும் வாங்கினீர்களா? அதை வாங்காமல் விட்டிருந்தால், பணத்தைவிட அதுதான் பெரிய நஷ்டம். மாதாமாதம் சின்னத் தொகை தருகிற ஐம்பது பேர், வருடத்துக்கு ஒரு நிகழ்ச்சியைவிட மேல். ஒலிம்பிக் வருடத்தில் யாரும் கொடுப்பார்கள். அதற்கு அடுத்த வருடம், யாரும் அணியைப் பற்றிப் பேசாத நேரத்தில்தான் புதுப் பிள்ளைகள் முகாமுக்கு வருவார்கள். அப்போது கைகொடுப்பது மாதத் தொகைதான்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் சுவரொட்டியில் ஐந்து வளையங்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது சர்வதேச ஒலிம்பிக் குழுவின் சின்னம், 1981 நைரோபி ஒப்பந்தம் முதல் பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு உள்ளது. நல்ல நோக்கம் என்பதால் அனுமதி ஆகிவிடாது. அணியின் சின்னத்துக்கும் சம்மேளனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

#20 ஆறாம் இருக்கை

இன்னொரு எச்சரிக்கை என்னிடமிருந்து. அன்பு மிகுதியில் சத்துமாவு, புரோட்டீன் பவுடர், மூலிகை மருந்து, டானிக் என்று வீராங்கனைகளுக்குக் கூடை கட்டிக் கொடுப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். ஊக்கமருந்துத் தடுப்பு விதியில், உடம்பில் எது இருந்தாலும் அதற்கு விளையாடுபவரே பொறுப்பு. தெரியாமல் சாப்பிட்டேன், அன்பாகக் கொடுத்தார்கள் என்பது அவரைக் காப்பாற்றாது. சத்துப் பவுடர்களில் லேபிளில் எழுதாத பொருள் கலந்திருந்து தடை வாங்கியவர்கள் நிறைய. கையால் எழுதிய கடிதம் கொடுங்கள். கைக்குக் கம்பளி உறை கொடுங்கள். காலையில் தண்ணீர் மேல் விரல் விறைத்துப்போகும்.

#21 நீர்மட்டம்

இருக்கை யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. முகம் வேண்டும் என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் அந்த முகத்தின் மேல் நாம் என்ன ஏற்றி வைக்கிறோம் என்று இதற்கு முன் யோசித்தது இல்லை. அக்கா எழுதியதைப் படித்த பிறகு எங்கள் பேனரையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

#22 கரையோரம்

கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். மூன்று மணி நேரம் நடந்தது.

அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தோம். முதல் பத்து நிமிடம் பேசவே இல்லை. பிறகு அவளே, “நான் போகலன்னு காசை நிறுத்திட்டாங்களாமே, படகுல மத்தவங்க என்ன பண்ணாங்க?” என்று கேட்டாள். இதைக் கூட்டத்தில் அப்படியே சொன்னேன். பணத்தை அவளுக்கே கொடுக்கலாம் என்று பிடிவாதமாக இருந்தவர்களில் நான்கு பேர் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் மட்டும் கடைசி வரை ஒப்பவில்லை, எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டோம்.

கையிருப்பு முழுவதும் அணிக்கே போகிறது. திருப்பிக் கேட்டவருக்கு நேரில் போய்க் கணக்கைக் காட்டினோம். பாதியைத் திருப்பி வாங்கிக்கொண்டார், பாதியை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்காகத் தனியாக ஒரு கணக்கு, தனி ரசீது; யார் விரும்புகிறார்களோ அவர்கள் அதற்குக் கொடுக்கலாம். இரண்டும் கலக்காது. அவளிடம் கேட்டுத்தான் இதைச் செய்தோம். படம் போட மாட்டோம் என்றும் சொல்லிவிட்டோம்.

சம்மேளனத்துக்குக் கடிதம் போய்விட்டது. மூன்றாவது இருக்கையைக் கேட்டிருக்கிறோம், துடுப்போடு. பொருளாளர் ஐயா சொன்ன அந்த ஒரு வரியையும் சேர்த்திருக்கிறோம். ஐயா, பில் நகல் வர முப்பது நாள் என்றீர்கள். அவர்கள் அனுப்பாவிட்டால் என்ன செய்வீர்கள்?

#23 பழைய பொருளாளர்

முப்பத்தோராம் நாள் காலையில் போன் செய்வேன். அடுத்த தவணையை அந்த நகல் வந்த பிறகு அனுப்புவேன். அதையும் ஒப்பந்தத்தில் இப்போதே எழுதிவிடுங்கள்.